பட்டியலில் முதலில் இருந்தது

ஆய்வகத்தில் அவருக்குச் 'சந்தேகம்' என்றுதான் பெயர். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். "கல்யாணத்தன்னைக்கே, நிஜமாவே சம்மதம்தானான்னு நாலு தடவை கேட்ட மனுஷன்" என்று மனைவி சிரிப்பாள். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஓரிடத்தில் சந்தேகத்தை மென்று விழுங்கினார். எல்லாம் அங்கேதான் கெட்டது.

இயந்திரங்களின் சிப்பில் இருப்பது வெறும் எண்கள். அவற்றைப் படித்து, இன்னின்ன கட்டளை என்று மனிதருக்குப் புரியும்படி எழுதித் தரும் டிஸ்அசெம்ப்ளர் ஒன்றை அவர் தனியாளாகக் கட்டியிருந்தார். ஒரு சிக்கல், சில எண்களின் பொருள் சிப்புக்குச் சிப் மாறும். புதிய சிப்பில் 'சுவிட்சைச் சோதித்துவிட்டுப் போ' என்றிருப்பது, பழைய சிப்பில் 'சும்மா கடந்து போ' என்றாகிவிடும். எந்தச் சிப் என்று தெரியாவிட்டால் இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போடுவதே முறை. அவரும் போட்டிருந்தார்.

"கேள்விக்குறியெல்லாம் எதுக்கு? பாக்கிறவங்களுக்கு நம்ம மேலயே நம்பிக்கை போயிடும். ஏதாவது ஒண்ணைப் போடுங்க" என்றார் மேலாளர்.

அவரும் கேள்விக்குறியை எடுத்துவிட்டார். சிப்புகளின் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதையே எழுதும்படி மாற்றிவிட்டார். முதலில் இருந்தது புதிய சிப்.

பிறகு ஒரு கட்டடத்தில், கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் நகர்ந்து தபால்காரர் ஒருவரின் காலை நசுக்கியது. லிப்டின் சிப்பில் இருந்த எண்கள் மட்டும் ஆய்வகத்துக்கு வந்தன. கதவு சுவிட்சைச் சோதிக்கும் கட்டளை இருக்கிறது என்று அவருடைய மென்பொருள் அடித்துச் சொன்னது. அப்படியானால் லிப்ட் மெக்கானிக்தான் பழுது பார்க்கும்போது கதவு மூடியிருப்பதாகவே காட்டும்படி சுவிட்சுக்குக் குறுக்கே வயரைப் போட்டு, எடுக்க மறந்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிந்தது. மெக்கானிக்கின் வேலையும் போயிற்று, உரிமமும் போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எட்டு மாதம் கழித்து, அந்த லிப்டின் மின்பலகை கழிவாக ஆய்வகத்துக்கு வந்தது. சிப்பின் முதுகில் இருந்த எண்ணைப் படித்தார். பழைய சிப். லிப்ட் கதவைச் சோதிக்கவே இல்லை, சும்மா கடந்து போயிருக்கிறது. அன்றே விசாரணைக் குழுவுக்கு எழுதினார். திருத்திய தாளை எடுத்துக்கொண்டு மெக்கானிக் வீட்டுக்கும் போனார்.

மெக்கானிக் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க வயர் போடலைங்க. தப்பு என்னோடது" என்றார் இவர். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"நானும் முதல்ல அப்படித்தான் சார் சொன்னேன். அப்புறம் உங்க பேப்பரைக் காட்டினாங்க. அவ்வளவு தெளிவா இருந்துச்சு. சரி, நான்தான் போட்டு மறந்திருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன். வாராவாரம் அந்தத் தபால்காரர்கிட்ட போய் மன்னிப்பு கேட்டுட்டு வர்றேன்."

தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுவும் தெளிவாத்தான் சார் இருக்கு. ஆனா அந்த வயரை நான் சொருகினது இப்ப எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே. சிவப்பு வயர்."