கத்தியில்லாத வழிகாட்டி

தெருமுனைப் பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பக்கக் கண்ணாடிக்குக் குனிந்து, தலைக்கட்டைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நெங்கா அண்ணன் பயணிகளை ஏற்றப் போவார். முடிச்சு புருவ நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். நிற்கும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். சாயங்காலம் திரும்பும்போது அதே மரத்தடியில் அதைக் கழற்றி இருக்கையில் வீசிவிட்டு, வெறுந்தலையோடு வீட்டுக்குள் நுழைவார். என் சோற்றுக் கடை எதிரிலேயே இருப்பதால் பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறேன்.

நண்பர் கூட்டமாகப் பாலிக்கு வருகிறவர்களை நான்கு நாள் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். வண்டியின் பின்கதவைத் திறந்தால் ஒரு கடையே இருக்கும்: நான்கு குடை, கோயிலுக்குள் போகக் கட்டிவிடும் ஆறு சரோங், கொசு மருந்து, செல்பேசியை நிறுத்த ஒரு முக்காலி, வயிற்றுப்போக்கு மாத்திரை. முதல் நாள் படிவயல், மறுநாள் ஊற்றுக் கோயிலில் குளியல், அப்புறம் எரிமலை, கடைசி நாள் கடலோரப் பாறைமேல் நடனம். நடுவில் ‘யாருக்குமே தெரியாத’ அருவி ஒன்று. அங்கே வண்டி நிறுத்தச் சீட்டு வாங்கவே அரை மணி வரிசையில் நிற்க வேண்டும்.

எரிமலையை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. “அது எங்க போயிரப் போவுது. நான் பாக்கறது மூஞ்சிங்கள,” என்பார். “மொத நாளு நாலு பேரும் ஒரே எளநீல நாலு குழாய் போட்டுக் குடிப்பாங்க. மூணாம் நாளு ஆளுக்கொரு எளநீ. நாலாம் நாளு ஒருத்தி முன்சீட்டுக்கு வந்துருவா, பின்னால யாரோடயும் பேச்சு கெடயாது. போட்டோவுல மட்டும் கட்டிப் பிடிச்சுக்குவாங்க.”

ஊற்றுக் கோயிலில் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “இது ரொம்பப் புனிதமான தண்ணி. போட்டோ எடுத்துக்கலாம்.” அவரே அதில் முங்கி எத்தனை வருடமாகிறது என்று அவர் மனைவி ஆர்த்தினியிடம் கேட்டால் போதும். “வெள்ளக்காரங்க பாவமெல்லாம் போயிருச்சு. இவரு கரையில துண்டு புடிச்சுக்கிட்டு நிக்கறாரு,” என்பாள்.

ஆனால் அவருடைய முக்கியமான சொற்பொழிவு எங்கள் பஞ்சாரைப் பற்றியது. இங்கே ஒவ்வொரு தெருக்கூட்டமும் ஒரு பஞ்சார். “எங்க பஞ்சார்ல எம்பது வீடு. ஒரு வீட்டுக் கல்யாணம்னா எம்பது வீட்டுக் கல்யாணம். ஒரு வீட்டுச் சாவுன்னா எம்பது வீட்டுத் தோளு.” பயணிகளுக்குக் கண் கலங்கிவிடும். தங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது என்பார்கள். அந்த எண்பது வீட்டில் கோயில் வேலைக்கு எழுபத்தொன்பது வீட்டு ஆண்கள்தான் வருகிறார்கள் என்பதை மட்டும் அண்ணன் சொல்வதில்லை.

பெண்கள் பங்கை ஆர்த்தினி இரண்டாளாகச் செய்வாள். அவள் பின்னிய ஓலைத் தட்டுகள் மலைபோல் கிடக்கும். ஆனால் ஆண்கள் பங்கை அவள் செய்ய முடியாது. பஞ்சார் தலைவர் பான் துர்மி ஒருநாள் என் கடையில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: “நெங்கா, இந்த வருஷம் அஞ்சு தடவ நீ வரல.”

“தண்டம் கட்டிர்றேன் தலைவரே.”

“தண்டம் நடந்து வந்து ஒங்கப்பாவத் தூக்குமா?”

அண்ணன் கடலைப் பாட்டிலைத் திறந்து மூடினார்.

“இன்னொரு தடவ வரலன்னா பேர அடிச்சிருவோம். அப்பறம் ஒங்க வீட்ல என்ன ஆனாலும் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. நான் நெனச்சாலும் முடியாது.”

அண்ணனின் அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. படுக்கையில் இருக்கிறார். பஞ்சார் கூடத்து மூலையில் தொங்கும் மரமணி ஒலித்தால் விரல்விட்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும், “அவன் போயிட்டானா?” என்பார். “போயிட்டாரு,” என்பாள் ஆர்த்தினி. எங்கே என்று அவரும் கேட்பதில்லை.

நான்கு மாதம் முன்பு, கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள். படையலுக்கு லாவார் செய்ய, இறைச்சியும் தேங்காயும் கொத்த ஆண்கள் காலை ஏழு மணிக்குக் கூட வேண்டும். அண்ணன் அன்றைக்கும் ஆள் பிடித்திருந்தார். தெருக்கோடி விடுதியில் தங்கியிருந்த மெல்பர்ன் சிநேகிதர்கள் நான்கு பேர். மணி அடிப்பதற்குள் அவர்களோடு தெருவைத் தாண்டிவிடுவது அவர் திட்டம். ஆனால் ஒருத்தி கறுப்புக் கண்ணாடியைத் தேடி விடுதிக்குத் திரும்பிப் போய்விட்டாள். மற்ற மூவரும் என் கடையில் காப்பிக்கு உட்கார்ந்தார்கள். மரமணி ஒலித்தது.

அண்ணன் பேசாமல் இருந்திருக்கலாம். பழகிய வாய் கேட்கவில்லை. “கேளுங்க,” என்று விரலை உயர்த்தினார். “இந்தச் சத்தம் கேட்டா எங்காளுங்க எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஓடணும். சாப்பிட்ட கை காயறதுக்குள்ள அங்க நிக்கணும்.” அதைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தவன், நடுவில் ஒரு பைக் போய்விட்டது, மறுபடி சொல்லுங்கள் என்றான். அண்ணன் மறுபடி சொன்னார். இன்னும் நன்றாகவே சொன்னார்.

கண்ணாடியோடு திரும்பி வந்த பெண் கேட்டாள்: “யாரக் கூப்பிடறாங்க?”

“இந்தப் பஞ்சார் ஆம்பளைங்கள.”

“ஒங்க பஞ்சார் எது?”

கடையில் உட்கார்ந்து கற்ற ஆங்கிலம் எனக்கு இவ்வளவுக்குப் போதும். அவள் கேலியாகக் கேட்கவில்லை. எதிர்க்கூடத்தில் ஆண்கள் கத்தியை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பான் துர்மி இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார், கூப்பிடவில்லை. கூடத்தை அடுத்த வீட்டுக்குள் அண்ணனின் அப்பா விரலை மடக்கிக்கொண்டிருப்பார்.

“இதுதான்,” என்றார் அண்ணன்.

“அப்ப ஓடலயா?”

தலைக்கட்டை ஒருமுறை இறுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். இந்த வேலைக்கு அவரவர் கத்தியை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். வண்டியின் பின்கதவைத் திறந்து குடையைத் தள்ளினார், சரோங்கைப் புரட்டினார், முக்காலியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

“அக்கா, ஒரு கத்தி குடேன்.”

என்னைவிட ஒன்பது வயது மூத்தவர் என்னை அக்கா என்றது அன்றுதான். வெங்காயம் நறுக்கும் கத்தியைக் கழுவிக் கொடுத்தேன்.

“கத்தி யாருது?” என்றார் பான் துர்மி.

“கடக்காரக்காவுது.”

“அப்ப பட்டியல்ல அவங்க பேரப் போடவா?”

“விடுங்க தலைவரே,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “அண்ணன் ஊருக்குப் புதுசு. யாராச்சும் சுத்திக் காட்டுங்க.”

கூடமே சிரித்தது. அண்ணன் கடைசியில் போய் உட்கார்ந்து தேங்காய் கொத்த ஆரம்பித்தார். துண்டுகள் நாலாபக்கமும் தெறித்தன. பின்னாலேயே கேமராவோடு வந்த நால்வரையும் பான் துர்மி மேலும் கீழும் பார்த்தார். “சும்மா நிக்கற கைக்கு இங்க எடமில்ல,” என்று ஒரு கூடைப் பூண்டை அவர்கள் நடுவில் வைத்தார். பத்து மணிவரை உரித்தார்கள். யாருக்குமே தெரியாத அருவியை அன்று அவர்களும் பார்க்கவில்லை.

மறுவாரமே அண்ணன் தன் நான்கு நாள் பட்டியலில் ‘பூண்டு உரித்தல்’ என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார். பயணிகளிடம் அன்றைய கதையையும் சொல்கிறார். அந்தக் கதையில், மணி அடித்ததும் முதலில் ஓடுகிறவர் அவர்தான். “பூண்டுக்கு எத்தன பேர வேணா கூட்டியா,” என்று பான் துர்மி சொல்லிவிட்டார். “ஆனா தேங்கா நீதான் கொத்தணும்.”

அதற்குப் பிறகு மரமணி மூன்று முறை ஒலித்திருக்கிறது. அண்ணன் மூன்று முறையும் வந்தார். ஒருமுறை எரிமலைப் பாதையில் பாதியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்திருந்த ஐந்து பயணிகளோடு வந்து சேர்ந்தார். அவர் அப்பா இப்போது மணியை எண்ணுவதில்லை. வண்டியின் கதவு திறக்கும் சத்தம் வருகிறதா என்று கேட்டபடி படுத்திருக்கிறாராம்.

தலைக்கட்டை இன்றைக்கும் பலாமரத்தடியில்தான் கட்டுகிறார், அங்கேதான் கழற்றுகிறார். பெயர் பஞ்சார் பட்டியலில் இருக்கிறது. என் கத்தி, செய்தித்தாளில் சுற்றி அவர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. நான் வேறொன்று வாங்கிக்கொண்டேன்.