கப்பலுக்குத் தைத்த கவுன்

உத்திரமேரூர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார் அந்த அக்கா. கழுத்தில் டேப், காதிடுக்கில் பென்சில். துணிமேல் கத்தரியைத் திறந்து வைத்து, "வெட்டட்டா?" என்று கேட்பார். வாயால் பதில் வரும்வரை வெட்டமாட்டார்.

அன்று என் மகளுக்குக் கவுன் தைக்கப் போயிருந்தேன். குடும்பத்தோடு கப்பல் பயணம் போக முன்பதிவு செய்திருந்தோம். அதற்குள் எங்கும் காய்ச்சல் பரவுவதாகச் செய்தி. மகளுக்கோ வீசிங். ரத்து செய்ய அன்றுதான் கடைசி நாள். "நீயே முடிவு பண்ணு" என்று கணவர் சொல்லிவிட்டார்.

"வெட்டட்டா?"

தலையாட்டினேன்.

"மாடு மாரி தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு, கண்ணு."

"பயணம் போகலாமா வேணாமான்னே தெரியலக்கா. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் ஏரியிலயே கால் நனைக்க மாட்டேன், என்னப் போயி கேக்கறியே! உன் கொயந்த, நீ சொல்லு."

நடுக்கடலில் மகளுக்கு மூச்சு திணறினால்? அங்கேயே கணவரை அழைத்தேன். "கேன்சல் பண்ணிடுங்க."

பிறகு அக்காவிடம், "வெட்டுங்க. அடுத்த வருஷம் போறோம். அப்பவும் பத்தற மாதிரி உள்ள ஒரு மடிப்பு வச்சுத் தைங்க" என்றேன்.

கத்தரி உடனே ஓடியது.

அந்தக் கப்பல் ஒரு குறையுமில்லாமல் போய்த் திரும்பியது. அந்த உறுத்தலோடுதான் கவுனை வாங்கப் போனேன். உள்ளே இரண்டு மடிப்புகள் இருந்தன.

"எதுக்குக்கா ரெண்டு?"

"நீ யோசிச்சிக்கினே இருப்ப. கொயந்த வளந்துக்கினே இருக்குமே!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கேலியா, கணக்கா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த வாரம் மறுபடி முன்பதிவு செய்துவிட்டேன். கவுனை அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு மடிப்பை மட்டும் பிரித்தால் போதும் என்று வாயால் சொல்ல வேண்டும்.