மத்தியானம் எடுத்த அளவு

தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மொட்டைப் பாறைக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அது எப்படி இவ்வளவு உருண்டையானது என்று யாராவது கேட்பார்களா என்றால், ஊகூம். விரிசல்காரியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பூமிக்கு அடியில் அமுங்கிக் கிடந்த பாறை அது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருஷத்தில் கரைந்து பாரம் குறைய, பாறை உப்பி, வெங்காயம் மாதிரி தோல் தோலாகக் கழன்று வருகிறது. மூலை முடுக்கெல்லாம் மழுங்கி உருண்டையானது அப்படித்தான். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அடுத்த தோல் கழன்றால் எங்கே விழும்? நேர் கீழே ஊழியர் குடியிருப்பு, ஏழு வீடு. மூன்றாவது வீடு அவளுடையது.

பத்தொன்பது வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் காலை ஏழு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறுவாள். அடுத்துக் கழலப்போகும் தோலுக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் விரிசலின் இரண்டு பக்கமும் அடித்திருக்கும் பித்தளை ஆணிகளுக்கு நடுவே அளவுக் கருவியை வைத்து, நேரத்தையும் அளவையும் நோட்டில் எழுதுவாள். பூங்காவைப் பெருக்க வந்தவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் நிலவியல் படித்த ஒரு மனிதர். கல் டாக்டர் என்பாள் அவரை. "உங்க கை நடுங்கல. அது போதும்," என்றார். அன்றைக்கு ஒட்டிய பேர்தான் விரிசல்காரி. வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார், அந்த மனிதரை என்ன செய்வது.

இத்தனை வருஷமும் நாற்பத்தொரு மில்லிமீட்டர்தான். இந்தத் திங்கட்கிழமை நாற்பத்து நான்கு. மூன்று தடவை வைத்துப் பார்த்தாள், மாறவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு பூங்கா ரேஞ்சரிடம் ஓடினாள்.

ரேஞ்சர் நோட்டைப் பார்த்துவிட்டு நகத்தைக் கடித்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஏழு வீடும் காலியாகணும்மா. கல் டாக்டர் ஊர்ல இல்ல. வேற வழி தெரியல."

காலி பண்ணினால் திரும்பி வருவதெல்லாம் நடக்காத காரியம். பக்கத்து மலையில் இப்படிக் காலி பண்ணிய வீடுகளை மறு மாசமே இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்காரர், பூங்கா கேன்டீனில் சமையல்காரர், கட்டிலைக் கொண்டுபோய் வாசலில் போட்டார். "பத்தொன்பது வருஷமா வாரா வாரம் போய் நலம் விசாரிச்சியே. அதுக்குப் பாறை பண்ணின மரியாதையப் பாத்தியா?"

அவள் கன்னத்தில் கையை வைத்தபடி துணிகளை மடித்தாள். அன்று காலைதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். தாடை வீங்கிக் கிடந்தது.

நோட்டைப் பெட்டியில் வைக்கப் போனவளின் கண் நேரக் கட்டத்தில் நின்றது. ஏழு, ஏழு, ஏழு. பக்கம் பக்கமாக ஏழு. கடைசி வரியில் மட்டும் இரண்டு. பல் டாக்டரிடம் போய்விட்டு மத்தியானம்தானே ஏறினாள்! பின்பக்க இரும்புக் கதவுகூட உச்சி வெயிலில் இறுகிக்கொள்கிறது, காலையில் தள்ளினால் திறக்கிறது. இரும்புக்கு உள்ளது கல்லுக்கு இருக்காதா? தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறரைக்கெல்லாம் ரேஞ்சர் வீட்டு வாசலில் போய் நின்றாள். மேலே யாரும் போகக் கூடாது என்றார். "ஒரே ஒரு தடவை சார். நம்பலைன்னா நீங்களும் வாங்க." மூச்சு வாங்க வாங்க அவரும் ஏறினார்.

நாற்பத்தொன்று. ரேஞ்சர் கருவியை வாங்கி வைத்துப் பார்த்தார். அப்போதும் நாற்பத்தொன்று.

கல் டாக்டரைப் போனில் பிடித்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "வெயில்ல அந்தத் தோல் சூடாகி வெளிய வளையும். ராத்திரி குளிர்ந்தா பழையபடி உள்ள போயிடும். அதுக்குத்தானே ஏழு மணின்னு சொன்னேன்."

"ஏழு மணின்னீங்க. ஏன்னு சொல்லலையே."

"என் தப்புதான்மா. இப்படி வளைஞ்சு வளைஞ்சுதான் ஒரு நாள் அது கழலும். அந்த நாள் இது இல்ல. யாரும் காலி பண்ண வேண்டாம். நாளன்னைக்கு நானே வந்து பாக்கறேன்."

படியில் உட்கார்ந்து அழுதாள். அழ அழத் தாடை வலித்தது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது. கீழே ஏழு வீடும் தெரிந்தன. மூன்றாவது வீட்டு வாசலில் கட்டில். வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"கட்டிலைத் திரும்ப உள்ள போடுங்க."

வீட்டுக்காரர் கேட்டார். "பழைய இடத்துலயேவா?"

"பழைய இடத்துலயேதான்."