இரவல் நகையோடு போய் நின்ற காத்தோங் பங்களா

இது நடந்தது ஐம்பதுகளின் கடைசியில். அப்போது நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஒரே ஓர் அறையில் குடியிருந்தோம். அதே மாடியில் இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. எல்லோருக்கும் சேர்த்து ஒரு சமையலறை, ஒரு குளியலறை. காலையில் வாளியோடு வரிசையில் நிற்கும்போதே ஊர்க்கதை பாதி தெரிந்துவிடும்.

இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரர் செய்த தொழில் என்ன தெரியுமா? பங்களா புரோக்கர்! டாங்ளின், புக்கிட் தீமா, காத்தோங் என்று பெரிய பெரிய வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பார். கீழே இருந்த காப்பிக்கடையின் மூலை மேசைதான் அவருடைய ஆபீஸ். கடைக்காரரின் டெலிபோன்தான் அவருடைய டெலிபோன். இருந்த ஒரே வெள்ளை சூட்டை நான் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுப்பேன். சாயங்காலம் வந்ததும், "இன்னைக்குப் பார்த்த வீட்ல குளிக்கிற ரூமே நம்ம ரூமைவிடப் பெருசு" என்பார். நான் நம்பியதே இல்லை. வாங்க வருகிறவர்களிடம் அளந்து பழகிய வாய், என்னிடமும் அளக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயம் அவர் கையில் இருந்தது காத்தோங்கில் கடலைப் பார்த்த ஒரு பங்களா. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு நோன்யா அம்மாள். பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து, வீட்டில் மலாய் பேசும் சீனக் குடும்பம். கணவர் இல்லை. பிள்ளைகள் லண்டனில் தங்கிவிட்டார்கள். விற்றுவிட்டு அங்கே போக வேண்டும், ஆனால் வருகிற ஆளையெல்லாம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒரு ஆள் சரியில்லாம வந்தா வெள்ளைக்காரப் புரோக்கர் கம்பெனிகிட்ட கொடுத்துடுவேங்கறாங்க" என்று இவர் தூக்கமில்லாமல் புலம்பினார். அந்த ஒரு வீட்டை நம்பித்தான் எங்கள் பிழைப்பு அப்போது நின்றது.

அப்போது டேங்க் ரோடு கோயிலில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் வந்தது. எங்கள் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. யார் கல்யாணத்துக்குப் போனாலும் மற்றப் பெண்கள் தங்கள் நகையைக் கழற்றிப் போட்டு அனுப்புவார்கள். அடுத்த அறை அக்காவின் இரட்டைவடச் சங்கிலி, எதிர் அறைப் பெண்ணின் கல் வளையல், யாருடையதோ ஜிமிக்கி, அதோடு என் கூறைப்பட்டு. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்களுக்கு வீடு காட்ட இரவல் வாங்கும் நண்பரின் காரில்தான் கல்யாணத்துக்கும் போனோம். சாப்பாடு முடிந்ததும் இவர் காரைக் காத்தோங் பக்கம் திருப்பினார். ஒரு துணிக்கடை முதலாளி வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாராம். நாங்கள் போன நேரம் அவரைக் காணோம்.

"நான் முனைக் கடையில போன் பண்ணிட்டு வந்துடறேன். நீ காரை விட்டு எறங்காத லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல வெயில். பட்டுப்புடவைக்குள் வெந்துகொண்டிருந்தேன். அப்போது அந்த அம்மாளே வாசலுக்கு வந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாசோக், மாசோக்" என்று உள்ளே கூப்பிட்டார். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பழகிய மலாய் எனக்கும் வரும். வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே போனதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தரையெல்லாம் பூப்போட்ட ஓடு. மரப்படி. மாடி ஜன்னலைத் திறந்தால் கடல். குளியலறையையும் பார்த்தேன். பாவம், என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை.

கடைசியாகச் சமையலறைக்கு வந்தோம். அங்கே ஒரு அம்மி! நம் ஊர் அம்மியேதான், குழவியோடு. "இது எங்க வீட்லயும் இருக்கே!" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. மிளகாயை அவர் எப்படி அரைப்பார், நாங்கள் எப்படி அரைப்போம் என்று ஆரம்பித்த பேச்சு நிற்கவே இல்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று நிலத்தைக் கண்ணாலேயே அளப்பார்களாம். இடித்துவிட்டு எத்தனை வீடு கட்டலாம் என்று அவர் காதுபடவே பேசுவார்களாம். சமையலறைக்குள் இதுவரை யாரும் கால் வைத்ததில்லையாம்.

"நீயா இருந்தா இந்த வீட்டை என்ன செய்வே?" என்று கேட்டார்.

எனக்கு அது விளையாட்டாக இருந்தது. சாமி அறை இங்கே, பிள்ளைகளுக்குக் கடல் பக்கத்து அறை, பின்வாசல் திண்டில் வடகம் காயப்போடுவேன் என்று அடுக்கினேன். உண்மையைச் சொன்னால் அத்தனை சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை. அந்த வீட்டில் நான் நிஜமாகவே குடியேறிவிட்டேன்.

திடீரென்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கே கொடுக்கிறேன். விலையைக் குறைச்சுக்கறேன்."

வீட்டை வாங்க வந்தவள் என்றே என்னை நினைத்துவிட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. சரியாக அந்த நேரத்தில் இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது இவருக்கு. 'எதுவும் சொல்லாதே' என்று கண்ணாலேயே கெஞ்சினார். வீட்டில் கலந்துபேசிச் சொல்கிறேன் என்று நழுவியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், பெண்டாட்டியை ஜோடித்துக் கூட்டிவந்து நாடகம் ஆடினான் என்று அம்மாள் இவரைத் துரத்திவிடுவார். ஆனால் என் கையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் நழுவ முடியவில்லை.

"அம்மா, நான் வாங்க வந்தவ இல்ல. இவரோட சம்சாரம். நாங்க ஒரே ரூம்ல இருக்கோம். இந்த நகையில பாதி என்னோடது இல்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அம்மாள் என் கழுத்தைப் பார்த்தார். "எது உன்னோடது இல்ல?" என்றார். சங்கிலி அக்காவுடையது, வளையல் எதிர் அறையுடையது, ஜிமிக்கி யாருடையது என்று எனக்கே தெரியாது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். ஜிமிக்கிக்கு வந்ததும் அவர் வெடித்துச் சிரித்துவிட்டார். பிறகு இவர் பக்கம் திரும்பி ஒரு பிடி பிடித்தார்.

"இத்தனை மாசமா யார் யாரையோ கூட்டிட்டு வந்தியே, இவளை ஏன் கூட்டிட்டு வரல? இனிமே யார் வந்தாலும் இவளும் வரணும். இவ வேணாம்னா நான் விக்க மாட்டேன்!"

அந்தத் துணிக்கடை முதலாளி மறுவாரம் வந்தார். வந்ததும் வராததுமாக இடிக்கும் செலவைக் கேட்டார். அம்மாள் என்னைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அன்று வீடு திரும்பும்வரை என் வீட்டுக்காரர் கைவிட்டுப் போன கமிஷனைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே வந்தார்.

பிறகு ஒரு டாக்டர் குடும்பம் வந்தது. பிள்ளைகள் தடதடவென்று மாடிக்கு ஓடினார்கள். டாக்டரின் மனைவி நேரே சமையலறைக்குப் போய், காற்று எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். நான் அம்மாளைப் பார்த்துச் சிரித்தேன். வீடு கைமாறியது.

அதற்குப் பிறகு இவர் எந்தப் பங்களாவுக்கும் என்னை விட்டுவிட்டுப் போனதில்லை. காப்பிக்கடையில் எனக்குப் 'புரோக்கரம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டாங்ளினிலும் புக்கிட் தீமாவிலும் நான் நுழையாத சமையலறை குறைவு. ஆனாலும் காத்தோங் வீட்டை மிஞ்சிய வீட்டை நான் பார்க்கவில்லை. பிற்பாடு மண்ணைக் கொட்டிக் கடலையே தூர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீடும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை.

பணக்காரி என்று நினைத்து எனக்குக் கொடுத்த மரியாதையை, ஒற்றை அறையில் குடியிருப்பவள் என்று தெரிந்த பிறகும் அந்த அம்மாள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.