உப்பைத் தாங்கிய தக்காளி

வங்காளத்து நியூ டவுனில் எங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது. குளிர்காலத்தில் ஏழேகால் முதல் பத்தரை வரை வெயில். அங்கே இரண்டு தொட்டிகளில் தக்காளி வைத்திருந்தேன்: ஒன்று பெரிய காய் ரகம், மற்றது கோலிக்குண்டு அளவு நாட்டு ரகம். சரஸ்வதி பூஜைக்கு எங்கள் கட்டடத்தில் செய்யும் இனிப்புத் தக்காளிச் சட்னிக்கு என் பழங்களைத் தருவதாகக் கீழ்வீட்டு வங்காள அம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மாஷிமா, பெரியம்மா முறை.

பூஜைக்கு ஐந்து வாரம் இருக்கையில், காய்கள் பச்சையாகத் தொங்கும்போதே, இலை ஓரங்கள் கருகின. தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றினேன். மேலும் கருகின.

மாஷிமா வந்து பார்த்தார். "பரவாயில்ல, பஜார்ல வாங்கிக்கலாம்" என்று வங்காள மொழியில் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

தாவரவியல் படிக்கும் மகள், "அப்பா, டைரியக் கொண்டாங்க" என்றாள். செடி இருக்கும் நிலை, அதற்கு ஊற்றிய தண்ணீர், அன்றைய சமையல் எல்லாவற்றையும் நான் தினமும் எழுதுவது வழக்கம். அவள் வாசித்தாள்: "காலிஃபிளவர் கறி. ரெண்டு நாள் கழிச்சு இலை கருகல். மறுபடி காலிஃபிளவர். மறுபடி கருகல்."

அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் எதையும் நாங்கள் வீணாக்குவதில்லை. எல்லாம் ஒரே வாளிக்குப் போகும். அதைச் செடிக்கு ஊற்றுவது என் வேலை. காலிஃபிளவரைப் புழு போக உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் மனைவி ஊற வைப்பாள். அந்த நீரும் வாளிக்குத்தான் போயிருக்கிறது.

"நான் வாளிலதான் கொட்டினேன். செடில ஊத்தினது யாரு?" என்றாள் மனைவி.

"அதுவும் இதுல இருக்கும்மா. செடிக்கு ஒண்ணரை மக்" என்றாள் மகள்.

அன்றே தொட்டியின் அடித்துளை வழியே வடிய வடிய நல்ல தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவினோம். பெரிய ரகம் பிழைக்கவில்லை. சின்னது ஒன்பதாம் நாள் துளிர்த்தது. உப்பு மிகும்போது இலைக்குள் செல்களை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும் என்றும், அவற்றை அடக்கச் செடியிடமே சில என்சைம்களும் வைட்டமின் சி-யும் உண்டு என்றும் மகள் விளக்கினாள். அந்தக் காப்பு ரகத்துக்கு ரகம் மாறுமாம்.

"உங்களையே தாங்கியிருக்குன்னா பாத்துக்கோங்க" என்று முடித்தாள்.

பூஜையன்று காலை முப்பத்தொரு பழங்கள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஷிமா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு இனிப்பா? வெல்லத்தைக் குறைக்கணும் போலிருக்கே. செடிக்கு என்னதான் போடுறீங்க?"

மனைவி முந்திக்கொண்டு சொன்னாள்: "உப்பு, மாஷிமா."