ஒற்றைத் தும்மல்

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் வீட்டுக்கு ஒருவரையாவது படுக்க வைத்த ஃப்ளூ ஜுரம் எனக்கும் வந்தது. ஜுரம் வந்த வழியே போய்விட்டது. அது விட்டுப்போன சளியும் தும்மலும்தான் மாதக்கணக்கில் என்னோடு குடித்தனம் நடத்தின. மூக்கு ஒழுகியபடியே இருக்கும். வாயைத் திறந்தால் தகர டப்பாவில் கல்லை உருட்டிய சத்தம். கம்பவுண்டர் ரோஸ் நிற மருந்தைக் கொடுத்து, "ஜொரம் உட்டுப்போச்சில்ல? மத்தது தானா போயிடும்" என்றார். அது போகிற வழியைக் காணோம்.

சளியை வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். தும்மலைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்களுக்கு ஒற்றைத் தும்மல் அபசகுனம், இரட்டைத் தும்மல் நல்லது. நெய்து முடித்த பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு அப்பா படியிறங்குவார், நான் தும்முவேன். திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, என்னை முறைத்துவிட்டுத்தான் போவார். "இன்னொண்ணு தும்மித் தொலையேண்டி" என்று அம்மா கெஞ்சுவாள். என் மூக்கு என் பேச்சைக் கேட்டால்தானே? கடைசியில் பொய்யாக இரண்டாவது தும்மல் போடப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்கத் தேசூரிலிருந்து வந்தார்கள். காலையிலேயே அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் அக்காவுக்காகப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருக்கவில்லை. "சின்னப் பொண்ணு ஒண்ணு கீதாமே, கண்ணுலயே காட்டலியே?" என்று கேட்டாராம். ஒளித்து வைத்தால் ஏதாவது நினைப்பார்களே என்று அம்மாவே ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். "மூச்சப் புடிச்சிகினு நில்லு. கும்பிட்டுட்டு ஜல்தியா உள்ள போயிடு."

போய்த் தறிக்குப் பக்கத்தில் நின்றேன். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. தலை குனிந்து நிற்க வேண்டியவள், காலி டம்ளரை வாங்கும் சாக்கில் அவரை இன்னொரு முறை பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா, "எங்களுக்குத் திருப்திதாங்க" என்று சொல்லி வெற்றிலைத் தட்டில் கை வைத்தார். நான் தும்மினேன். ஒன்றே ஒன்று. கூப்பிடாமல் வந்துகொண்டிருந்த சனியன், வா வா என்று உள்ளுக்குள் கெஞ்சியபோது வரவில்லை. பொய்த் தும்மல் ஒன்று போட்டேன். கம்மிய தொண்டையில் அது ஆடு செருமியது போல வந்தது. வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்ங்க" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியும்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். "அவ இன்னா வேணும்னா தும்மினா?" என்று அப்பா எனக்காகப் பேசியபோது செத்துவிடலாம் போல இருந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். அது தெரிந்தும் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்து வைத்தாள். அடுப்பில் வெந்நீர் போட்டு நொச்சி இலையைக் கிள்ளிப் போட்டாள். சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "வா, ஆவி புடி" என்று போர்வையால் என்னை மூடினாள். அவள் வாழ்க்கையைக் கெடுத்த மூக்குக்கு அவளே வைத்தியம் பார்க்கிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது. உள்ளே அழுதால் வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம். அழுதேன். அப்போது போர்வை ஓரத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவும் உள்ளே வந்தாள்.

"தள்ளுடி, எனக்கும் மூக்கு அடைச்சிகினு கீது" என்றாள்.

அவளுக்குச் சளியே பிடித்திருக்கவில்லை. "தண்ணி ஆறிப் போயிருக்குமே, வெளிய வாங்கடி" என்று அம்மா கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் வெளியே வரவில்லை.