நிலத்தில் நிற்கும் எஞ்சினியர்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். என் மனுசியின் தம்பி மதராஸ் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆங்கிலப் புத்தகத்தை விரித்துக் காட்டியபோது எனக்கு விளங்கியது அட்டையில் இருந்த பிளேன் படம் மட்டும்தான். மிச்சத்தை அவன் வாசித்துச் சொன்னான். மூன்று வருடப் படிப்பு. முடித்தால் எந்த விமானக் கொம்பனியும் கூப்பிட்டு வேலை கொடுக்கும். சம்பளம் எவ்வளவு என்று அவன் சொன்னதும், அதை உழவு மிசின் ஓட்டுகிற என் நாட்கூலியால் வகுத்துப் பார்க்க முயன்றேன். வகுத்தல் கணக்கை மூன்றாம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். ஆகவே "சரி" என்று சொல்லிவிட்டேன்.

அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்காவும் நானும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் குளத்தடிக் குடியேற்றத் திட்டத்துக்கு நாங்கள் குடிவந்தபோது அரசாங்கம் மூன்று ஏக்கர் வயல் தந்தது. எங்களிடம் இருந்த சொத்து அவ்வளவுதான். அதுவும் பெமிட் காணி, அரசாங்கம் அனுமதிக் கடதாசியில் தந்தது. விற்கக்கூடாது, ஈடு வைக்கக்கூடாது, பெமிட் யார் பேரில் இருக்கிறதோ அவரே செய்யவேண்டும். வேறு ஆள் செய்வது தெரிந்தால் பெமிட்டை வெட்டிவிடுவார்கள்.

நான் வாயாலே ஈடு வைத்தேன். நெல் ஆலை முதலாளி படிப்புக்குக் காசு தருவார். காசு திரும்பும்வரை வயலை அவர் செய்வார். கடதாசி எழுதவில்லை. எழுதினால் அதுவே எனக்கு எதிரான சாட்சி. களவு செய்கிற மற்றவர்கள் எதையாவது தூக்கிக்கொண்டு போய் ஒளிப்பார்கள். நான் என்னுடையதைக் கொடுத்துவிட்டு ஒளித்துத் திரிந்தேன்.

மச்சான் செட்டிகுளத்தில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனான். நான் முதலாளியின் உழவு மிசினில் ஏறி என் வயலை உழுதேன். கூலி ஒழுங்காகத் தந்தார். சொந்த வயலை உழுததற்குக் கூலி வாங்கிய கமக்காரன் இந்தப் பகுதியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று வருடம் கழித்து அவன் கண்ணாடிச் சட்டம் போட்ட சேட்டிபிக்கட்டோடு வந்து இறங்கினான். எப்போது பிளேன் ஓட்டப் போகிறாய் என்று கேட்டேன்.

"நான் ஓட்டுறதில்லை அத்தான். பிளேன் கீழ நிக்கேக்கை திருத்துறது. கிரவுண்ட் எஞ்சினியர் எண்டு சொல்லுவினம்."

"கிரவுண்ட் எண்டா?"

"நிலம்."

"நான் பிறந்ததிலையிருந்து நிலத்திலைதானடா நிக்கிறன். எனக்கு ஒருத்தரும் சேட்டிபிக்கட் தரேல்லை."

அவன் சிரித்தான். மனுசி சிரிக்கவில்லை. அவள் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கடிதங்கள் தொடங்கின. கொழும்புக்கு எழுதினான். சேட்டிபிக்கட் போதாது, லைசென்ஸ் வேண்டும் என்று மறுமொழி வந்தது. லைசென்ஸுக்கு எழுதினான். இரண்டு வருடம் பிளேனில் வேலை செய்த அனுபவம் வேண்டும் என்றார்கள். அனுபவத்துக்கு எழுதினான். லைசென்ஸ் இருக்கிறவர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். இன்னொரு இடத்தில் சிங்களம் எழுத வாசிக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். மதராஸில் பழகிய தெலுங்கோடு அவன் மூன்று பாஷை பிழையில்லாமல் பேசுவான். நாலாவதாக அது இல்லை. வவுனியாவில் உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட பிளேன் வெளி ஒன்று கிடந்தது. ஒருநாள் சைக்கிளில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான். என்ன நிற்கிறது என்று கேட்டேன். மாடு நிற்கிறது என்றான்.

வருடம் ஒன்றரை இப்படியே போனது. முதலாளி நல்ல மனிதர்தான், கத்துகிறவரில்லை. ஒவ்வொரு போகமும் முடிய வந்து, அப்ப அடுத்த போகமும் நானே செய்யிறன் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சாந்தமான குரல்தான் எனக்கு எரிச்சலை மூட்டும்.

அந்த மாரிக் காலபோகத்தில் யாரோ என்மேல் பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டார்கள். பெமிட் கொடுக்கிற காணிக் கந்தோர் ஐயா ஜீப்பில் வந்து வயல் வரம்பில் இறங்கினார். நான் ஓடிப்போய்ச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சொந்தக்காரன் மாதிரி நின்றேன். சொந்தக்காரன்தான், ஆனாலும் நடிக்க வேண்டியிருந்தது. மச்சானும் பின்னாலேயே வந்தான்.

"என்ன நெல்லு விதைச்சனீர்?" என்று ஐயா கேட்டார்.

முதலாளி என்ன விதைத்தார் என்று நான் கேட்டு வைத்திருக்கவில்லை. உழுததோடு என் வேலை முடிந்துவிட்டது. "மொட்டைக்கறுப்பன், ஐயா" என்றேன்.

அவர் குனிந்து ஒரு நெற்தாளைப் பிடித்துப் பார்த்தார். "இது புது நெல்லு, எச்-4 எல்லோ?"

"ஓம் ஐயா. அது பள்ளிக்கூடத்துப் பேர். வீட்டிலை மொட்டைக்கறுப்பன் எண்டுதான் கூப்பிடுறனாங்கள்."

ஜீப் சாரதி சிரித்தான். ஐயா சிரிக்கவில்லை. வயலை யார் செய்கிறார் என்பது தனக்குத் தெரியும் என்றார். வருகிற போகம் நான் இறங்கிச் செய்யாவிட்டால் பெமிட் வேறு குடும்பத்துக்குப் போகும் என்று, முதலாளியைப் போலவே, சாந்தமாகச் சொன்னார். பிறகு மச்சானைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ கேட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். ஜீப் போனபிறகு மச்சான் சொன்னான்: வவுனியாவில் அரசாங்க உழவு மிசின் திருத்துகிற பட்டறையில் ஆள் எடுக்கிறார்களாம், நாட்சம்பளம், இவன் போனால் சேர்ப்பார்களாம்.

"எப்ப போறாய்?"

"நான் போகேல்லை. கொழும்பிலையிருந்து ஒரு கடிதம் வரவேணும். நான் படிச்சது பிளேன், அத்தான். உழவு மிசின் இல்லை."

எனக்கு எதற்கும் ஒரு பகிடி வரும். செத்த வீட்டிலும் வரும், அதற்காக அடி வாங்கியும் இருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"உன்னைப் படிப்பிச்சதே உழவு மிசின்தானடா" என்றேன். "வாற போகம் இந்த வயல் போனா, நீயும் நானும் உன்ரை அக்காவும் நிக்கிறதுக்கு நிலம் இல்லை. பிறகு என்னத்திலை நிண்டு பிளேன் திருத்துவாய்?"

அன்று பின்னேரம் மனுசி குசினி அடுப்படியில் அவனோடு ஏதோ கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. திங்கட்கிழமை அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நெளுக்குளம் தாண்டி, வவுனியாவுக்குப் போனான்.

முதலாளியோடு புது ஒழுங்கு செய்தோம். மச்சானின் சம்பளத்தில் பாதி மாதாமாதம் அவருக்கு. வயலில் நான் இறங்குவேன்; கடன் தீரும்வரை விளைச்சலில் பாதியும் அவருக்கு. ஆலை எஞ்சின் பழுதானால் மச்சான் சும்மா திருத்திக் கொடுப்பான். இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டுத்தான் முதலாளி சம்மதித்தார். மூன்று வருடம் படித்த படிப்பில் ஊருக்குள் முதல் வருமானம் அதுதான் என்று சொல்லலாம், அது கையில் வராத வருமானமாக இருந்தாலும். பட்டறையில் அவனுக்குக் கிடைத்த நாட்சம்பளம், உழவு மிசின் ஓட்டி நான் வாங்கியதைவிடக் குறைவு. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு வகுத்தல் தெரியும்.

நான் செய்த முதல் போகம் அறுவடை முடிந்து சூடு அடித்து நெல்லைப் பிரித்துக்கொண்டிருந்த கிழமை, கொழும்புக் கடிதம் வந்தது. பயிற்சிக்கு எடுக்கிறார்களாம். இரண்டு வருடம். கைச்செலவுக்கு ஒரு தொகை தருவார்கள். கொழும்பில் அறை வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாத தொகை. அதைக்கூடச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். நான் இன்னொருவரின் மிசினையும் சேர்த்து ஓட்டலாம். மனுசி ஆடு வளர்க்கலாம்.

அவன் கடைசிப் பக்கத்தை வாசித்தான். இடையில் விட்டுவிட்டுப் போனால் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும். அதற்குச் சொத்துள்ள ஒருவர் பிணை நிற்கவேண்டும்.

"நான் நிக்கிறன். எனக்கு மூண்டு ஏக்கர் இருக்கு" என்றேன்.

"பெமிட் காணியை வைச்சுப் பிணை நிக்கேலாது, அத்தான்."

முதலாளியிடம் கேட்போம் என்றேன். ஏற்கெனவே அவருக்குத்தான் கடன் என்றான் அவன். ஊரில் இருந்த எல்லோரையும் மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்தேன். திட்டத்தில் அத்தனை பேரிடமும் காணி இருந்தது, அத்தனையும் பெமிட். ஒருவரிடமும் கையெழுத்து வைக்கிற மாதிரிச் சொத்து இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கடிதம் கொண்டுவந்த தபால்காரரைத் திட்டினேன். அவர் பாவம், அதற்குள் போய்விட்டிருந்தார்.

மச்சான் கடிதத்தை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தான். நேரம் போய்விட்டது, பிந்தினால் அரை நாள் சம்பளம் வெட்டுவார்கள் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். நான் களத்துக்குப் போனேன். முதலாளியின் வண்டில் அவருடைய பாதிக்காக வந்து நின்றது. மூட்டைகளை எண்ணி, நானே தூக்கி ஏற்றினேன்.